பிள்ளைகளின் காலுக்கேற்ற காற்பந்துக் காலணி

கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தில், பீடோங்கிற்கு அண்மையில் அமைந்துள்ள சுங்கை லாலாங் வட்டாரமாயினும், கூலிம், குரூண் பக்கத்துத் தோட்டங்களாயினும், மாலை நாலரை மணியானதும் பிள்ளைகளின் கால்கள் திடலை நோக்கியே நடக்கின்றன. பள்ளிப் பாடத்தையும் வீட்டு வேலையையும் ஒருவாறு முடித்துவிட்டு, ஒரு பந்தைச் சுற்றி இருபது பிள்ளைகள் கூடிவிடுவதனை நாம் காண்கிறோம். உடலுக்கு வலுவும், உள்ளத்திற்கு ஊக்கமும், பிறரோடு இணங்கிப் பழகும் பண்பும் தரவல்ல இவ்விளையாட்டைப் பெற்றோர் ஆதரிப்பது வரவேற்கத்தக்கதாகும்.

காற்பந்து நம் மக்களுக்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக் போட்டியில் மலேசியக் குழுவில் எம். சந்திரன் ஆடினார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு நம் நாடு தகுதி பெற்ற காலத்தில், 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் அன்போடு அழைத்த ஆர். ஆறுமுகம் கோல் காவலராக விளங்கினார். 1990ஆம் ஆண்டு கெடா மாநிலக் குழு முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த தந்தையர், தம் பிள்ளையின் காலில் ஒரு நல்ல காலணியைக் காண விரும்புவது இயல்பே.

ஆனால், அந்தக் காலணியை வாங்கும் இடத்தில்தான் நம்மில் பலர் தவறிவிடுகின்றனர். "வளரும் பிள்ளை; இரண்டு அளவு பெரியதாகக் கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்கும் குரல் நமக்குப் பழகிய குரலாகும். பால்மரத்தின் அடியில் பொழுது விடியுமுன் நின்று ஈட்டிய பணம், ஒன்றுக்கு இரண்டு ஆண்டு உழைக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தில் குறையில்லை; கணக்கில்தான் பிழையிருக்கிறது. அது எவ்வாறு என்பதையும், அதிகச் செலவின்றிப் பிள்ளைக்குப் பொருத்தமான காலணியையும் பிற கருவிகளையும் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதையும் இங்கு விளக்குவோம்.

வெறுங்கால் போதாதா?

"நாங்கள் வெறுங்காலோடு ஆடவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். 1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படைக் குழுவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவினருள் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்தனர். 2-1 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன் ஆவார். ஆயினும், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்ற பிறகு, இந்தியாவும் காலணியைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்று காற்பந்தின் நான்காவது விதி, சட்டை, காற்சட்டை, காலுறை, கணைக்கால் காப்பு, காலணி ஆகிய ஐந்தும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது.

விதியைவிட முக்கியமானது உடல்நலம். கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த கம்பி, முள் ஆகியவை எந்தத் திடலிலும் மறைந்து கிடக்கக்கூடும். மழைக்குப்பின் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருப்பின், காலிலுள்ள சிறு கீறல் வழியாக எலிச் சிறுநீர்க் காய்ச்சலின் கிருமிகள் உட்புகலாம். அவ்வாறு தேங்கிய நீரில் ஆடிய பிள்ளைக்கு அடுத்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், திடலில் ஆடிய செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுதல் வேண்டும்.

பெரிய காலணி சிக்கனமா?

ஆங்கில அளவு முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஓர் அங்குலமாகும்; அதாவது ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டராகும். பிள்ளையின் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். ஆங்கில அளவில் இரண்டு எண் பெரிதாக வாங்கினால், அந்த இடைவெளி ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டராகிவிடும்.

அதன் விளைவு யாது? ஓடும்போது கால் காலணிக்குள் முன்னும் பின்னும் வழுக்குகிறது. குதிகால் உராய்ந்து கொப்புளம் எழுகிறது. காலணியின் முனை தரையில் தட்டிப் பிள்ளை இடறுகின்றது. திரும்பும்போது காலணி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் செல்வதால் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. முனையில் துணியைத் திணித்தால் இடைவெளி மறையும். ஆனால், காலணி மடிய வேண்டிய இடம் மாறாது. விரல்களின் அடிமூட்டில் கால் மடியும். காலணியோ அதற்கு முன்னால் மடிய முயலும். இவ்வாறு தவறான இடத்தில் மடிந்து மடிந்து, அடித்தளம் விரைவில் பிளக்கிறது.

பள்ளிப் பருவப் பிள்ளையின் கால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே, இரண்டு எண் பெரிய காலணி காலுக்குப் பொருந்துவதற்கு ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் அது தேய்ந்து, பிளந்து, குப்பைக்குச் சென்றுவிடும். பொருந்தாத காலத்தில் அணிந்து, பொருந்தும் காலத்தில் எறிந்துவிடும் காலணியைச் சிக்கனம் என்று கூறவியலுமா?

சிறிய காலணியும் தீங்கானதே. அண்ணன் அணிந்தது இன்னும் கிழியவில்லை என்பதற்காகத் தம்பியின் விரல்களை அதற்குள் மடக்கி நுழைத்தால், நகங்கள் கருகும். நகம் சதைக்குள் வளரும். வலி தாளாத பிள்ளை திடலையே வெறுத்துவிடும். ஆட்டத் திறனில்லை என்று நாம் எண்ணிவிடுகிற பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் இல்லாதது பொருத்தமான காலணிதான்.

வீட்டிலேயே அளவெடுக்கும் முறை

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே அளவெடுப்பது நன்று. பகலெல்லாம் நின்றும் நடந்தும் கால் சற்றுப் பெருக்கும் ஆதலின், மாலை நேரமே அதற்கு ஏற்றது.

முதலாவதாக, ஒரு தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் விரியுங்கள். விளையாடும்போது போடும் காலுறையை அணிவித்து, குதிகால் சுவரைத் தொடும்படி பிள்ளையை அத்தாளின்மீது நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் அளக்கலாகாது. உடலின் பாரம் இறங்கும்போதுதான் கால் தன் முழு நீளத்தைக் காட்டும்.

இரண்டாவதாக, மிக நீண்ட விரலின் நுனியில் கோடிடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரலே நீண்டிருக்கும். பின்னர்ப் பாதத்தைச் சுற்றி எழுதுகோலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்துகொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அளத்தல் வேண்டும். ஏனெனில், பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே காலணி வாங்க வேண்டும்.

மூன்றாவதாக, அந்த நீளத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி, அதே நீளத்திற்கு ஒரு மெல்லிய ஈர்க்குச்சியையோ கெட்டி அட்டைத் துண்டையோ வெட்டிக்கொள்ளுங்கள். கால் 20 சென்டிமீட்டராயின் குச்சி 21 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். வரைந்த பாதத்தையும் கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைப் பட்டணத்திற்கு அழைத்துச் செல்லவியலாத நாளில், இவ்விரண்டுமே பிள்ளைக்குப் பதிலாகக் கடைக்கு வரும். குச்சியைக் காலணிக்குள் விட்டுப் பாருங்கள். வளைந்தால் காலணி சிறியது. முன்னும் பின்னும் தாராளமாக ஆடினால் பெரியது. கத்தரித்த பாதத்தைக் காலணியின் அடித்தளத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தாள் இருபுறமும் மிகுதியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அக்காலணி அகலம் போதாதது. காலணியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாகாது. ஒரே எண்ணுள்ள காலணி ஒரு நிறுவனத்தில் ஒரு நீளமாகவும், வேறொரு நிறுவனத்தில் மற்றொரு நீளமாகவும் இருப்பதுண்டு.

பிள்ளை உடன் வந்தால், இரு காலிலும் அணிவித்து, நாடாவைக் கட்டி, கடைக்குள்ளேயே நடக்கவும் மெல்ல ஓடவும் சொல்லுங்கள். விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலமளவு இடம் இருக்கின்றதா, குதிகால் எழும்பாமல் நிற்கின்றதா, விரல்களை அசைக்கவியலுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். "நாளடைவில் பழகிவிடும்" என்ற சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டாம். கடையில் வலிக்கும் காலணி, திடலில் மேலும் வலிக்கும்.

திடலுக்கேற்ற அடித்தளம்

காலணியின் அடியில் 'ஸ்டட்' எனப்படும் குமிழ்கள் இருப்பதனை அறிவோம். ஈரமான மிருதுவான புல்தரைக்கு நீண்ட, எண்ணிக்கையில் குறைந்த குமிழ்கள் பொருந்தும். கடினமான தரைக்குக் குட்டையான, எண்ணிக்கையில் மிகுந்த ரப்பர்க் குமிழ்களே நல்லவை. சிமெண்டுத் தளத்தில் ஃபுட்சால் ஆடுவதற்குக் குமிழே இல்லாத தட்டையான ரப்பர் அடித்தளம் வேண்டும்.

நம் கெடா மாநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. பால்மரங்கள் இலையுதிர்க்கும் அக்காலத்தில் திடலும் காய்ந்து, கல்போல் இறுகிவிடும். அத்தகைய தரையில் நீண்ட குமிழ்க் காலணியோடு ஓடும் பிள்ளையின் குதிகாலில் ஒவ்வொரு அடியும் இடியாக இறங்கும். எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குதிகால் எலும்பில் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுமையாக இறுகியிராது. அது நோவெடுத்து, பிள்ளை நுனிக்காலில் நொண்டி நடப்பதனைக் காணலாம். அப்போது சில நாள் ஓய்வும், மெத்தென்ற உள்தளமுள்ள காலணியும் தேவை. வலி நீடித்தால் மருந்தகத்தில் காட்டுதல் வேண்டும். ஒரே ஒரு சோடிதான் வாங்கவியலும் என்போர், குட்டையான ரப்பர்க் குமிழ்கள் நிறைந்த காலணியையே வாங்குவது அறிவுடைமையாகும். அது காய்ந்த திடலுக்கும் பொருந்தும். ஓரளவு ஈரமான திடலிலும் பயன்படும்.

நமக்குப் பழகிய ரப்பர்ச் சப்பாத்து

'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை அறியாத தோட்டப் பாட்டாளி இல்லை. பால்வெட்டுக்கும் வயல் வேலைக்கும் துணையான அதனைக் காட்டுவழி ஓட்டப் பந்தயக்காரரும் விரும்பி அணிகின்றனர். விலையோ சில ரிங்கிட்டுகளே, அடியில் குமிழ்கள் உண்டு, நீர்பட்டாலும் கெடாது. பெரிய காலணி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை இதனை அணிந்து ஆடுவதில் வெட்கப்பட வேண்டியது ஒன்றுமில்லை. பொருந்தாத விலையுயர்ந்த காலணியைவிட, பொருந்திய ரப்பர்ச் சப்பாத்து மேலானது.

எனினும் அதன் குறைகளையும் அறிதல் வேண்டும். காற்று புகாமையால் உள்ளே வியர்க்கும். குதிகாலுக்கு மெத்தை இல்லை. ஆகவே, கனத்த பருத்திக் காலுறையோடு மட்டுமே அணிவித்தல் வேண்டும். காய்ந்த திடலிலும் சிமெண்டுத் தளத்திலும் நெடுநேரம் ஆடுவதற்கு அது ஏற்றதன்று.

காலுறை, கணைக்கால் காப்பு, உடை

காலணிக்கு அடுத்தது கணைக்கால் காப்பு. முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் எலும்பின்மேல் தோல் மட்டுமே இருப்பதால், அங்கு விழும் உதை பெருந்துன்பம் தரும். 1990ஆம் ஆண்டு முதல் இக்காப்பு விதிப்படி கட்டாயமாகியுள்ளது. காப்பு முழுவதையும் காலுறை மூடியிருத்தல் வேண்டும். கணுக்கால் மடிப்புக்குச் சற்று மேலே தொடங்கி, முழங்கால் சில்லுக்கு மூன்று விரற்கடை கீழே முடிவதே சரியான அளவு. பெரியவர்களின் காப்பை அணிந்தால் பிள்ளையால் முழங்காலை மடக்கவியலாது; மிகச் சிறியதை அணிந்தால் எலும்பின் பெரும்பகுதி வெளியே நிற்கும்.

சட்டையும் காற்சட்டையும் சற்றுத் தளர்வாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே தொங்கி ஓட்டத்தைத் தடுக்கலாகாது. தோடு, மோதிரம், வளையல், கைக்காப்பு ஆகியவற்றை அணிந்து ஆட விதி இடந்தராது. அவற்றின்மேல் நாடா ஒட்டி மறைப்பதும் ஏற்கப்படாது. பெண்பிள்ளைகளுக்குக் காது குத்த எண்ணும் பெற்றோர், புண் ஆறுவதற்கு இடமிருக்கும்படி நீண்ட பள்ளி விடுமுறையைத் தேர்ந்தெடுத்தல் நலம். இன்று பெண்பிள்ளைகளும் ஆர்வத்தோடு பந்தாடுகின்றனர். அவர்களுக்கும் தனிக் காலணி வாங்கித் தருவது நம் கடமையாகும். அண்ணனின் பழைய காலணியே போதும் என்று விட்டுவிடலாகாது.

பந்தும் பிள்ளையின் வயதுக்கேற்ப இருத்தல் வேண்டும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும், 410 முதல் 450 கிராம் எடையும் உடையது. எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு நான்காம் எண் பந்தும், அதனினும் இளையோருக்கு மூன்றாம் எண் பந்தும் ஏற்றவை. தோட்டத்து இளைஞர் மன்றங்கள் பந்து வாங்கும்போது இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

காலணியைப் பேணும் முறை

ரப்பரின் இயல்பை நம் பாட்டாளிகளுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த ரப்பர்த் துண்டு பிசுபிசுத்துப் போவதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். காலணியின் அடித்தளமும் அதனை ஒட்டிய பசையும் அவ்வாறே கெடும். ஆதலின், சேற்றைத் தண்ணீரால் கழுவி, உட்புறத்தில் பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். உச்சி வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். கறையைப் போக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தடவினால் ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். நாடாவை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துக் கழற்றும் பழக்கத்தைப் பிள்ளைகள் கைவிடச் செய்யுங்கள். பின்புறம் மடிந்த காலணி குதிகாலைப் பிடிக்காது.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை காலை மீண்டும் அளந்து, விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான இடமே எஞ்சியிருந்தால் காலணியை மாற்றுதல் வேண்டும்.

கூடிச் செய்தால் குறையும் செலவு

"ஆண்டுக்கு ஒரு சோடி வாங்க எங்களால் இயலுமா?" என்ற கேள்வி நியாயமானதே. இதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளைகளின் கால் வளர்ந்துவிடுவதால், பல வீடுகளில் பாதி தேய்ந்த காலணிகள் மூலையில் கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, இளைஞர் மன்றமோ, ஆலயக் குழுவோ ஒரு பெட்டியை வைத்து, அவற்றைச் சேர்த்து, கழுவி, உள்நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதி ஒட்டி வைக்கலாம். ஒரு பிள்ளை தனக்குச் சிறுத்த சோடியைப் போட்டுவிட்டு, தனக்குப் பொருந்தும் சோடியை எடுத்துக்கொள்ளட்டும். பழைய காலணியை எடுக்குமுன், அடித்தளம் ஒரு பக்கமாகத் தேய்ந்துள்ளதா, குமிழ் உடைந்துள்ளதா, பின்புறம் மடிந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அத்தகையவற்றை இலவசமாயினும் விலக்குதல் நலம்.

புதிதாகப் பணம் செலவிடுவோர் ஒரு வரிசையைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலிடம் பொருந்திய காலணிக்கு. அடுத்தது கணைக்கால் காப்புக்கும் காலுறைக்கும். புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயர் பொறித்த சட்டைக்குக் கடைசி இடம். அச்சட்டை பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், விழும் உதையைத் தடுப்பது அதுவன்று.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வரவுக்கேற்ற செலவைக் குறிக்கும் அம்முதுமொழி, பிள்ளைகளின் காலணிக்கும் பொருந்தக் காண்கிறோம். விலை உயர்ந்ததா, பெயர் பெற்றதா என்பதை விட்டு, இன்றைய காலுக்கு இன்று பொருந்துகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்வோமாக. ஒரு தாள், ஓர் எழுதுகோல், ஓர் ஈர்க்குச்சி ஆகிய மூன்றும் எல்லா வீட்டிலும் உண்டு. அடுத்த முறை கடைக்குப் புறப்படுமுன், அம்மூன்றையும் எடுத்து, உங்கள் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள்.